பூ விழுந்தால் உத்தரவா?

(சித்தன்னவாசல் குன்றின் அடிவாரத்தில் கூடியிருந்த தோழர்களிடையே பேசியது)



காலையிலிருந்து வெயிலில் இந்தக் குன்றை ஏறி இறங்கிக் களைத்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டிப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க நமக்கு உத்தேசமில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் உராய்வு. அதாவது, ஒரு பொருள் இன்னொரு பொருளின்மேல் இருக்கும்போது அதை நகரவிடாமல் பிடிக்கிறதே ஒரு தடை, அந்தத் தடையைப் பற்றியது. அந்தத் தடை இருக்கிற இடத்தில் சிறு பொருள்கள் தாறுமாறாக உலுக்கப்பட்டால் எப்படி நகரும் என்பதைப் பற்றியது. “இது என்ன காலேஜ் வகுப்பா? இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். நாம் காலேஜ் வாசற்படியை மிதித்ததில்லை. கையில் அகப்பட்ட புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களை விடாமல் கேட்டும், வீட்டில் செய்து பார்த்தும் அறிந்ததைத்தான் சொல்லப் போகிறோம். இந்த விஷயத்தில் நமக்கு அக்கறை உண்டானதற்குக் காரணம் ஒரு பூ. அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்போம். மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்தீர்கள். மொத்தம் 17 படுக்கைகள். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்து அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. இன்ன நாட்டிலே இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்காக இன்னார் செய்த இருக்கை இது என்பதுதான் அந்தக் கல்வெட்டின் சாரம். அது வானத்திலிருந்து விழுந்தது என்றோ, தானாக முளைத்தது என்றோ அதிலே இல்லை. மனிதன் செய்தான், செய்தவனைச் சொல்லிவிட்டான். அந்தப் படுக்கைகள் வழவழப்பாக இருப்பது கண்ணாலேயே தெரிகிறது. பக்கத்தில் தேய்க்காத பாறை சொரசொரவென்று கிடக்கிறது. இரண்டும் ஒரே பாறைதான். வித்தியாசம் உழைப்பு.

அந்தப் பாறையின்மேல் ஒரு காரியத்தைக் கவனித்தீர்களா? சரிவிலே எத்தனையோ சிறு கற்களும், மணலும், சருகும் கிடந்தன. நாளெல்லாம் காற்று அவற்றை இப்படியும் அப்படியும் தள்ளுகிறது. நாம் நடக்கும்போது காலடி அதிர்கிறது. பூமியோ எந்நேரமும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எப்போதாவது ஒன்று மட்டும் சட்டென்று நழுவிச் சிறிது தூரம் போய் மறுபடியும் நின்றுவிடுகிறது. ஏன் இப்படி?

கீழே அறிவர் கோவிலின் விதானத்திலே தாமரைக் குளம் ஒன்று தீட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். அதில் மீன் இருக்கிறது, யானை இருக்கிறது, தாமரை பறிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் குளம் நிஜக் குளமாக இருந்து, மேலே கிடக்கும் இந்தக் கல்லையே மிக நுண்ணிய பொடியாக்கி அதிலே ஒரு சிட்டிகை போட்டு, ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் என்ன தெரியும்? அந்தக் கல்பொடி ஒரு கணமும் ஓயாமல் துடிதுடித்துக் கொண்டிருக்கும்! பாறைமேல் அசையாமல் கிடந்த கல்லே தண்ணீருக்குள் போனதும் ஆடுகிறது. இந்த இரண்டு நடத்தைக்கும் உள்ள வேற்றுமைதான் இன்றைய விஷயம்.

தண்ணீரில் ஆடுவதைக் கூர்ந்து ஆராய்ந்தவர் ராபர்ட் பிரவுன் என்ற தாவர விஞ்ஞானி. 1827-இல் அவர் பூவின் மகரந்தத்திலிருந்து வந்த சிறு துகள்களைத் தண்ணீரிலே பார்த்தார். அவை ஆடின. “இது உயிரின் அசைவாக இருக்குமோ?” என்ற எண்ணம் அவருக்கும் எழுந்தது. நம்மூர் ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு கற்பூரத்தைக் கொளுத்தியிருப்பான். அவர் என்ன செய்தார்? செத்து எத்தனையோ காலமான செடிகளின் பொடியைப் போட்டுப் பார்த்தார். அதுவும் ஆடிற்று. கண்ணாடிப் பொடி, கல்பொடி, எகிப்து தேசத்து ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த ஒரு சில்லின் பொடி ஆகியவற்றையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் ஆடின. ஆகவே இது உயிரின் வேலையல்ல என்று முடிவு கட்டினார். தம் மனத்தில் தோன்றிய எண்ணத்தைத் தாமே சோதித்துத் தாமே தள்ளிவிட்டார். தோழர்களே, பகுத்தறிவு என்பது இதுதான். பிறர் நம்பிக்கையை உடைப்பது சுலபம். தன் எண்ணத்தைத் தானே உடைப்பதுதான் கஷ்டம்.

அந்த ஆட்டத்துக்குக் காரணத்தை 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். தண்ணீரின் மூலக்கூறுகள் எந்நேரமும் நாலா பக்கத்திலிருந்தும் துகளை மோதுகின்றன. ஒரு பக்கம் சற்றுக் கூட, ஒரு பக்கம் சற்றுக் குறைவு. அதனால் துகள் தள்ளாடுகிறது. பிரான்சு தேசத்து ழான் பெரேன் அதை அளந்து மெய்ப்பித்தார். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு, இந்தத் தள்ளாட்டத்தின் கணக்கையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்து, இன்றைக்கும் படிக்கப்படுகிற ஒரு பெரிய கட்டுரையை 1943-இல் எழுதியவர் யார் தெரியுமா? லாகூரில் 1910-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். துகளுக்குப் போட்ட கணக்கை அவர் நட்சத்திரங்களுக்கும் போட்டார். கூட்டமாக ஓடுகிற நட்சத்திரங்களின் இழுப்பினாலே ஒரு நட்சத்திரத்தின் வேகம் குறைவதையும் ஒருவகை உராய்வாக எண்ணி அதே 1943-இல் எழுதினார்.

நிற்க. இந்தக் கணக்குகளிலெல்லாம் வரும் உராய்வு ஈர உராய்வு. அதன் குணம் என்ன? ஊருணியில் மிதக்கும் ஒரு பெரிய கட்டையைச் சிறு பையன் ஒருவன் ஒற்றை விரலால் தள்ளினாலும் அது மெள்ள நகருகிறது. தண்ணீர் தடுக்கவில்லையா? தடுக்கிறது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் கட்டையை அது பிடித்து வைப்பதில்லை. நகர ஆரம்பித்த பிறகே வேகத்துக்குத் தக்கபடி தடுக்கிறது. எவ்வளவு சிறு தள்ளலாக இருந்தாலும் அதற்கேற்ற பலன் உண்டு.

அதே கட்டையைக் கரையிலே போட்டு அதே பையனைத் தள்ளச் சொல்லுங்கள். அசையாது. பத்து விரலால் தள்ளினாலும் அசையாது. நாலு ஆள் சேர்ந்து தள்ளினால் சட்டென்று நகரும். இது உலர்ந்த உராய்வு. ஓர் எல்லை வரைக்கும் எந்தத் தள்ளலுக்கும் பலன் பூஜ்யம். எல்லையைத் தாண்டினால்தான் நகர்ச்சி. 1699-இல் அமோந்தோன் என்பவரும், பிறகு 1780-களில் கூலோம் என்பவரும் பிரான்சில் இதை அளந்து விதியாகச் சொன்னார்கள். இதைச் சோதிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு பலகையை எடுத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெள்ளத் தூக்குங்கள். ஒரு சாய்வு வரையில் நாணயம் அசையாது. அந்தச் சாய்வு வந்ததும் வழுக்கும். இரண்டு நாணயங்களைப் பசையால் ஒட்டி வைத்துப் பாருங்கள். கனம் இரட்டித்தும் ஏறத்தாழ அதே சாய்வில்தான் வழுக்கும். கனம் கூடினால் இழுப்பும் கூடுகிறது. பிடியும் அதே அளவுக்குக் கூடுகிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். நாணயம் வழுக்குகிற சாய்வுக்குச் சற்றுக் குறைவாகப் பலகையை நிறுத்துங்கள். நாணயம் அப்படியே நிற்கும். நாளெல்லாம் வைத்திருந்தாலும் நிற்கும். இப்போது பலகையின் அடியில் விரலால் தட்டுங்கள். ஒழுங்கில்லாமல், மெதுவாகவும் பலமாகவும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். நீங்கள் தட்டுவது மேலும் கீழுமாகத்தான். “கீழ்ப்பக்கம் போ” என்று நீங்கள் நாணயத்துக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் அது விட்டுவிட்டுக் கீழே இறங்கும். தட்டல் பிடியைத் தளர்த்துகிறது. சாய்வு திசையைத் தீர்மானிக்கிறது. இதைத் தாய்மார்கள் அறியாதவர்களா? சல்லடையிலே மாவைக் கொட்டிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் சலித்துவிடுமா? தட்டினால்தானே இறங்குகிறது! மேசைமேல் அதிர்கிற கைப்பேசி விளிம்பை நோக்கி நகர்ந்து கீழே விழுவதும் இதே நியாயத்தினால்தான்.

இப்படி உலர்ந்த உராய்வுக்கு நடுவே உலுக்கப்படும் பொருளின் கணக்கை 2005-இல் விளக்கமாக எழுதியவர் பியேர் ழீல் தெ ழேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. இவரும் 1991-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கண்டதைப் பாமர பாஷையில் சொல்லுகிறோம். ஓரிடத்தில் நூறு துகள்களை வைத்துத் தாறுமாறாக உலுக்கினால் அவை சிதறும். அந்தச் சிதறலுக்கு ஓர் அளவு எண் உண்டு. ஈர உராய்வில், உலுக்கலின் பலத்தை இரட்டித்தால் அந்த எண் இரட்டிக்கும். உலர்ந்த உராய்விலோ இரண்டு, இரண்டு, இரண்டு என்று மூன்று தரம் பெருக்கினாற்போல் 8 மடங்காகும்! அதேபோல் உராய்வை இரட்டித்தால் சிதறல் 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அன்றியும், பொருள் பெரும்பாலான நேரம் ஏறக்குறைய நின்றாற்போலவே இருக்கும். எப்போதாவதுதான் வேகமாகத் துள்ளும். அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் மனோஜ் சௌதுரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2009-இல் இதைச் செய்தே பார்த்தார்கள். சற்றே சாய்ந்த தட்டின்மேல் சிறு கண்ணாடித் துண்டை வைத்து ஒழுங்கற்ற அதிர்வைக் கொடுத்தார்கள். அதிர்வில்லாமல் நகராத துண்டு, அதிர்வு வந்ததும் முன்னும் பின்னுமாகத் தள்ளாடிக்கொண்டே மொத்தத்தில் கீழ்நோக்கி இறங்கிற்று.

நாம் மலைமேல் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது. சரிவில் கிடக்கும் கல் எல்லைக்குக் கீழே இருக்கிறது. காற்றும் காலடியும் ஓயாமல் உலுக்குகின்றன. பெரும்பாலும் பலன் பூஜ்யம். எப்போதாவது உலுக்கல் எல்லையைத் தாண்டுகிறது, கல் நழுவுகிறது. எந்தக் கணத்தில் எந்தக் கல் நழுவும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காக அதற்குப் பின்னால் ஒரு மனசு இருக்கிறது என்று ஆகிவிடாது. தயவு செய்து இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது அந்தப் பூவுக்கு வருவோம்.

பூப் போட்டுக் கேட்பது என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிலையின் இரண்டு தோளிலும் பூவை வைத்துவிட்டு ஒரு காரியத்தைக் கேட்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கப் பூ விழுந்தால் வேண்டாம். எதுவும் விழாவிட்டால் காத்திருக்க வேண்டும். கலியாணமா, கிணறு வெட்டுவதா, பெண்ணைப் படிக்க அனுப்புவதா, எல்லாவற்றுக்கும் இதே கச்சேரிதான், இதே நீதிபதிதான்.

நமக்கு இருபது வயதிருக்கும். நம் தமக்கையின் பெண் குழந்தைக்கு நாலு வயது. விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும். பெரிய ஆஸ்பத்திரி பத்து மைல். “தெய்வக் குற்றமா, வெறும் சீக்கா என்று கேட்டுவிட்டுப் போகலாம்” என்றார்கள் பெரியவர்கள். பூ வைத்தார்கள். விழவில்லை. காத்திருந்தார்கள். வெயில் ஏறிற்று, குழந்தையின் உதடு காய்ந்தது. மறுபடியும் வேண்டிக்கொண்டார்கள். விழவில்லை. நாமும் அங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அதை இன்று மறைத்துப் பேசமாட்டோம். சாயங்காலம் ஒருவர் மேளத்தை வாங்கிச் சிலைக்குப் பக்கத்தில் வந்து பலமாக அடித்தார். வலப்பக்கப் பூ விழுந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டி பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இருட்டிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, “காலையில் கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். குழந்தை அந்த இரவைத் தாண்டவில்லை.

பூசாரி கெட்டவரல்ல. நம் அக்காளும் மாமாவும் குழந்தைமேல் பிரியமில்லாதவர்களல்ல. குழந்தையின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டிருந்தன. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். ஆனால் உப்புக் கரைசலைப்பற்றி அங்கே யாரும் பேசவில்லை. பகல் முழுவதும் ஒரு பூவின் உராய்வுக்காகக் காத்திருந்தோம்.

ஆம், உராய்வுதான். அந்தப் பூ ஏன் விழவில்லை? சிலையின் தோள் சரிவு குறைவு, கல் சொரசொரப்பு, பூவின் அடி அதிலே பற்றியிருந்தது. எல்லைக்குக் கீழே இருந்தது. பின் ஏன் விழுந்தது? மேளம் அதிர்ந்தது, எல்லை தாண்டியது. வலப்பக்கம் ஏன்? அந்தத் தோள் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். அடித்தவர் அந்தப் பக்கம் நின்றிருக்கலாம். பூ சற்று வாடியிருக்கலாம். இவற்றில் எது என்று இன்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இவற்றில் எதற்கும் குழந்தையின் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

“அந்த உராய்வைக்கொண்டே கடவுள் பதில் சொல்லுகிறார், அதிர்வு அவருடைய கருவி” என்று சில பண்டிதர்கள் சொல்லக்கூடும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரே கேள்வியை ஒரே நாளில் நூறு தரம் கேட்டால் நூறு தரமும் ஒரே பதில் வரவேண்டுமல்லவா? மேளத்தை நிறுத்தினாலும், ஆள் இடம் மாறி நின்றாலும் பதில் மாறக்கூடாதல்லவா? “சாமியைச் சோதிக்கக்கூடாது” என்றால், சோதிக்கக்கூடாத சாட்சியை நம்பிக் குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பது மட்டும் எப்படிக் கூடும்? கோவிலுக்குப் போய் நீங்கள் யாரோடும் வம்புக்கு நிற்க வேண்டாம். வீட்டிலே அம்மிக் குழவியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பூவை வையுங்கள். பக்கத்தில் தட்டுங்கள். எந்தப் பூ எத்தனையாவது தட்டில் விழுந்தது என்று ஒரு நோட்டிலே எழுதுங்கள். நூறு தரம் செய்யுங்கள். பிறகு குழவியை ஒரு விரற்கடை சாய்த்துவிட்டு இன்னொரு நூறு தரம் செய்யுங்கள். சாய்த்த பக்கம் “உத்தரவு” பெருகுவதைக் காண்பீர்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த நோட்டு ஆயிரம் பிரசங்கங்களுக்குச் சமம்.

முடிக்குமுன் இன்னொன்று. “எத்தனை காலமாக நீங்களும் பேசுகிறீர்கள், ஜனங்கள் அசைகிறார்களா?” என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. உவமை ஒரு நாளும் சான்றாகாது. கல்லின் கணக்கை மனிதனுக்கு அப்படியே போடக்கூடாது. ஆனாலும் இந்தப் பாறையைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். பழக்கத்தின் பிடி ஈர உராய்வைப் போன்றதல்ல. சிறு தள்ளலுக்குச் சிறு பலன் என்று அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பல நாள் தட்டியும் ஒன்றும் நடவாததுபோல இருக்கும். ஆனால் எதையும் செய்து பார்க்கிற புத்தி என்ற சரிவை ஒரு வீட்டில் கொஞ்சம் உண்டாக்கிவிட்டால், பிறகு விழுகிற ஒவ்வொரு தட்டும் ஒரே பக்கமாகக் கணக்கில் சேரும்.

நம் அக்காளுக்குப் பிறகு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு வயதில் கடுங்காய்ச்சல் வந்தது. வழக்கம்போலப் பெரியவர்கள் பூத்தட்டை எடுத்தார்கள். அக்காள் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்துவிட்டாள். அவளுக்கு நாம் எந்தப் பிரசங்கமும் செய்ததில்லை. அவன் பிழைத்துக்கொண்டான்; இன்று அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பலகையும் நாணயமும் பூவும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. செய்து பாருங்கள். நாம் சொன்னது தப்பாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறோம். சரியாக இருந்தால், அடுத்த தரம் வீட்டில் ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டால் பூவின்மேல் வைக்கும் கண்ணை எடுத்து வண்டியின்மேல் வையுங்கள்.